சென்-சிர்-லபோப்பி: மலை உச்சி ஊரைச் சுத்தி ஒரு நாள் நடை, எல்லாரும் கேக்கற கேள்விகள்

துலூஸுக்கு வேலைக்கு வந்ததுல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்த ஊர்ப்பக்கம் போயிடுவேன், ஊர்ல இருந்து யாராவது வந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போவேன். பாரிஸ்ல இருக்கற ஃப்ரெண்ட்ஸ், சென்னைல இருந்து லீவுக்கு வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பறதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடறேன்.

இந்த ஊர் எங்க இருக்கு, பேரை எப்படிச் சொல்லணும்?

பிரான்ஸோட தென்மேற்குல, லோட்ங்கற ஆத்தோட பேர்லயே இருக்கற லோட் மாவட்டத்துல. பக்கத்துல பெரிய ஊர்னா காவோர், அங்க இருந்து கிழக்கே கார்ல அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. துலூஸ்ல இருந்துன்னா ஒண்ணே முக்கால் மணி நேரம் வெச்சுக்கோங்க. சிர்ங்கறதை Cirq-னு எழுதுவாங்க, அதுல கடைசில வர்ற க்யூவைச் சொல்லக்கூடாது, "சென் சிர் லபோப்பி" அவ்ளோதான். சிர்ங்கறது ஒரு குழந்தைப் புனிதர், அம்மா ஜூலியெத்தோட சேர்ந்து உயிர்விட்டதா நம்பிக்கை, ஊர்க் கோயில் அவர் பேர்லதான் இருக்கு. லபோப்பிங்கறது அந்தப் பாறையோட பேர், அதை ஆண்ட குடும்பத்துக்கும் அதே பேர்.

வண்டில போய் பாத்துட்டு வந்தா போதாதா, ஏன் நடக்கணும்?

போதாதுன்னுதான் சொல்வேன். வண்டில போறவங்க மேல பார்க்கிங்ல இறங்கி, ஊருக்குள்ள நடந்து, ஐஸ்க்ரீம் வாங்கி, பாறை மேல நின்னு ஃபோட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. ஊர் அழகாத்தான் இருக்கும், ஆனா இவ்ளோ செங்குத்தான பாறைல, ஆத்துக்கு 100 மீட்டர் உயரத்துல, எதுக்கு இவங்க வீடு கட்டினாங்கன்னு புரியவே புரியாது. கீழ இருந்து நடந்து ஏறினாத்தான் அது புரியும். அந்தக் காலத்துல இந்தப் பக்கத்துக்கு லோட் ஆறுதான் ஹைவே. காவோர் ஒயினு படகுல ஏறி கீழ போர்தோ வரைக்கும் போகும், அப்புறமா தெகாஸ்வீல் பக்கத்து நிலக்கரியும் இதே ஆத்துல இறங்கும். அந்தப் போக்குவரத்தை மேல இருந்து பாத்துட்டே இருக்கலாம், யாராவது படையெடுத்து வந்தாலும் முன்கூட்டியே தெரியும். அதனாலதான் ஒரே பாறை மேல லபோப்பி, கூர்தோன், கார்தையாக்னு மூணு குடும்பம் ஆளுக்கொரு கோட்டை கட்டிட்டு உக்காந்திருந்தாங்க. ஆறும் ஊரும் ஒரே கதை, நடுவுல இருக்கற பாதையை விட்டுட்டா பாதிக் கதைதான் கிடைக்கும்.

எவ்ளோ தூரம்? ரொம்பக் கஷ்டமா இருக்குமா?

நான் சொல்ற ரூட் பூஸியேஸ்ங்கற குட்டி ஊருக்கும் சென்-சிர்-லபோப்பிக்கும் நடுவுல ஒரு வட்டம், ஒரு பக்கம் மேட்டு நிலம் வழியா, இன்னொரு பக்கம் ஆத்தோரமா. எந்தக் கிளைப்பாதைல போறீங்கங்கறதைப் பொறுத்து மாறும், சுமாரா 10 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் 300 மீட்டர் பக்கம் வரும். நடக்கறதுக்கு மட்டும் மூணுல இருந்து மூணரை மணி நேரம், ஊர் சுத்தறது, சாப்பாடு, உக்காந்து பாக்கறது எல்லாம் சேத்தா ஆறு மணி நேரம் ஒதுக்கிடுங்க. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர் நடந்தவங்களுக்கு இந்தத் தூரம் ஒண்ணுமே இல்ல, ஆனா அங்க தார் ரோடு, சமதளம். இங்க கல்லு கல்லா இருக்கும், ரெண்டு இடத்துல நல்லா மூச்சு வாங்கும். கயிறு பிடிச்சு ஏறற மாதிரி, தவழ்ந்து போற மாதிரி எல்லாம் எங்கயும் இல்ல. வாரத்துல ஒரு தடவை ஒரு மணி நேரம் வேகமா நடக்கற பழக்கம் இருந்தா தாராளமா முடியும்.

எங்க ஆரம்பிக்கறது? எந்தப் பக்கமா சுத்தறது?

இதுதான் முக்கியமான கேள்வி, ஆனா கேக்கறவங்க கம்மி. நான் எப்பவும் பூஸியேஸ்லதான் ஆரம்பிப்பேன். ஆத்தோரமா வண்டி நிறுத்த இடம் இருக்கு, சென்-சிர் அளவுக்குக் கூட்டம் இருக்காது, அதைவிட முக்கியம், நடையோட நடுவுல ஊர் வரும், அதாவது கால் வலிக்கிற நேரத்துல சாப்பாடும் நிழலும் கிடைக்கும். சென்-சிர்ல ஆரம்பிச்சா காலைலயே ஊரைப் பாத்துடுவீங்க, திரும்பி வரும்போது களைச்சுப் போய் அந்த ஏத்தம் ஏறணும், அது வேண்டாம்.

சுத்தற பக்கம் சீசனைப் பொறுத்தது. லோட் ஆறு இங்க மேற்கு நோக்கி ஓடுது, நம்ம பாதை தெற்குக் கரைல இருக்கு, அதாவது பாறை வடக்கைப் பாத்து நிக்குது. அதனால ஆத்தோரப் பாதை பகல்ல பெரும்பாலும் நிழல்லயே இருக்கும். மேல மேட்டு நிலம் அப்படியே நேர்மாறு, மொட்டை வெயில். ஜூன்ல இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் போறவங்க காலைல ஏழரை எட்டுக்கே பூஸியேஸ்ல இருந்து மேல ஏறிடுங்க, வெயில் சூடு பிடிக்கறதுக்குள்ள மேட்டு நிலத்தைத் தாண்டி மேல இருந்து ஊருக்குள்ள இறங்கிடலாம், மத்தியானம் ஆத்தோர நிழல்ல திரும்பி வந்துடலாம். ஏப்ரல், மே, அக்டோபர்ல போனா திருப்பிப் போட்டுக்கோங்க, காலைல ஆத்தோரமா போய் கீழ இருந்து ஊருக்கு ஏறுங்க, சாயங்கால இளவெயில்ல மேட்டு நிலம் வழியா திரும்புங்க. என்னைக் கேட்டா இந்த ரெண்டாவதுதான் அழகு, ஏன்னா ஊர் ஒவ்வொரு வளைவா தலைக்கு மேல பெருசாகிட்டே வரும்.

முதல் தடவை எங்களுக்கு இது தெரியல. ஜூலை மாசம், பன்னெண்டு மணிக்கு மேட்டு நிலத்துல ஏறினோம், ஆளுக்கு அரை லிட்டர் தண்ணி, பாதி வழிலயே காலி. கூட வந்த என் தங்கச்சிக்குத் தலை சுத்தி, ஒரு ஓக் மரத்தடில முக்கா மணி நேரம் படுத்துட்டா. எதிர்ல வந்த ஒரு வயசான தம்பதி அவங்க பாட்டில்ல இருந்து தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. அன்னைக்கு அவங்க வரலைன்னா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நினைச்சா பயமா இருக்கு.

அப்போ தண்ணி எவ்ளோ எடுத்துட்டுப் போகணும்?

வெயில் காலத்துல ஆளுக்கு ரெண்டு லிட்டர், குறையவே கூடாது. இந்த மேட்டு நிலத்துக்கு கோஸ்னு பேர், முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழை பெஞ்சா தண்ணி மேல நிக்காது, பாறை இடுக்கு வழியா நேரா பூமிக்குள்ள போயிடும், அதான் இந்தப் பக்கம் பூரா குகையா இருக்கு. அதனால மேல ஓடை, ஊத்துன்னு எதையும் நம்பிப் போகாதீங்க. ஊருக்குள்ள போனதும் பாட்டிலை ரொப்பிக்கலாம், குழாய்ல "ஓ போத்தாப்ள்"னு எழுதியிருந்தா குடிக்கலாம், "நோன் போத்தாப்ள்"னா குடிக்கக்கூடாது.

மேட்டு நிலத்துல பாக்கறதுக்கு என்ன இருக்கு?

பெரிய காட்சி எதுவும் இல்ல, ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி. குட்டை குட்டையா ஓக் மரங்க, ஜூனிப்பர், பாக்ஸ்வுட் புதர், நடுவுல ரெண்டு பக்கமும் காரை இல்லாம வெறும் கல்லை அடுக்கிக் கட்டின சுவர். அந்தச் சுவரைக் கிட்ட போய் பாருங்க, சிமென்ட் ஒரு துளி இல்ல, பெரிய கல்லுக்கு நடுவுல சின்னக் கல்லு சொருகி, மேல செங்குத்தா ஒரு வரிசை நிறுத்தி வெச்சிருப்பாங்க, பாசி படிஞ்சு எத்தனையோ வருஷமா அப்படியே நிக்குது. நிலத்துல இருந்த கல்லைப் பொறுக்கினாத்தான் பயிர் வைக்க முடியும், பொறுக்கின கல்லை எங்கயாவது போடணும், அது சுவராச்சு, இடையனுங்க ஒதுங்கற குட்டிக் குடிசையாவும் ஆச்சு. சில இடத்துல செம்மறி ஆடு மேயும், வெள்ளை ஆடு, காது கறுப்பு, கண்ணைச் சுத்தியும் கறுப்பா கூலிங் கிளாஸ் போட்ட மாதிரி இருக்கும், குழந்தைங்க விட்டு நகரவே மாட்டாங்க. வேலிக் கதவு இருந்தா திறந்துட்டுப் போனதும் மறக்காம மூடுங்க.

பாக்ஸ்வுட் புதர் சில இடத்துல மொட்டையா காஞ்சு நிக்கறதைப் பாப்பீங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி கிழக்கு ஆசியால இருந்து வந்த ஒரு வகை அந்துப்பூச்சியோட புழுங்க இலையெல்லாம் தின்னு தீத்துடுச்சு. எனக்கு இதுல தனி வருத்தம் உண்டு, ஏன்னா இந்த ஊர் பிழைச்சதே இந்த மரத்தாலதான், அதைக் கீழ சொல்றேன்.

ஆத்தோரப் பாதைன்னு எல்லாரும் பேசறாங்களே, அது என்ன?

படகு ஆத்துல கீழ போறதுக்குப் பிரச்சனை இல்ல, நீரோட்டமே கொண்டு போயிடும். எதிர்த்து மேல வர்றதுக்குக் கரைல இருந்து கயிறு கட்டி இழுக்கணும். கானில்ங்கற இடத்துல மலை நேரா செங்குத்தா ஆத்துல இறங்குது, கால் வைக்கக்கூட கரை இல்ல. அதனால 19-ஆம் நூற்றாண்டுல பாறையோட விலாவைக் குடைஞ்சு ஒரு பாதை வெட்டினாங்க. ஒரு பக்கம் பாறை, தலைக்கு மேல பாறை, இன்னொரு பக்கம் திறந்து கிடக்கற ஆறு. பாதி சுரங்கம்னு சொல்லலாம்.

அங்க போனா வேகமா கடந்து போயிடாதீங்க. சுவத்துல கையை வெச்சுத் தடவிப் பாருங்க, உளி பட்ட வரி வரியா கோடு விரலுக்குத் தட்டுப்படும், எல்லாம் சாய்வா ஒரே பக்கமா ஓடும், நடுவுல திடீர்னு ஒரு இடத்துல கோணம் மாறும். ஒரு ஆள் நிறுத்தின இடத்துல இருந்து இன்னொரு ஆள் ஆரம்பிச்ச மாதிரி எனக்குத் தோணும். பாறை ஜில்லுனு இருக்கும், மேல இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி விழும், ஆத்து வெளிச்சம் கூரைல பட்டு அசைஞ்சுட்டே இருக்கும். என் அம்மா இந்த இடத்துல ஒரு அரை மணி நேரம் ஒண்ணுமே பேசாம உக்காந்திருந்தாங்க.

கொஞ்சம் தள்ளி பாறைச் சுவத்துலயே நீளமா ஒரு சிற்பம் வரும், சுழல், மீன், சிப்பின்னு ஆத்துல இருக்கறது எல்லாம் கல்லுல. அது பழசு இல்ல, டேனியல் மொனியேங்கற சிற்பி போன நூற்றாண்டுக் கடைசில செதுக்கினது. பழங்காலச் சிற்பம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆனா அந்தப் பாறைக்கு ரொம்பப் பொருத்தமா இருக்கு.

ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்துல ஆறு ஏறினா இந்தப் பாதை தண்ணிக்குள்ள போயிடலாம், பாறை உதிர்ந்தா மூடவும் செய்வாங்க. கிளம்பறதுக்கு முந்தின நாள் சுற்றுலா ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போட்டு பாதை திறந்திருக்கான்னு கேட்டுடுங்க. மூடியிருந்தா கயித்தைத் தாண்டிப் போகாதீங்க.

எந்த மாசம் போனா நல்லது?

மே, இல்லன்னா செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் நடு வரைக்கும். மே மாசம் பச்சை, அக்டோபர்ல ஓக், மேப்பிள் எல்லாம் நிறம் மாறி, காலைல ஆத்து மேல பனி மூடிக் கிடக்கும், ஊர் அந்தப் பனிக்கு மேல மிதக்கற மாதிரி தெரியும். ஜூலை ஆகஸ்ட்ல சூடு 35 டிகிரியைத் தாண்டற நாளும் உண்டு, கூட்டமும் தாங்காது, ஊர்ல இருக்கறதே 200 பேர் சுமாருக்குத்தான், கோடைல வர்ற கூட்டம் அதைவிடப் பல மடங்கு. 2012-ல டிவில நடந்த ஓட்டெடுப்புல பிரெஞ்சுக்காரங்களுக்குப் பிடிச்ச கிராமம்னு முதலிடம் வந்ததுல இருந்து கூட்டம் இன்னும் ஏறிடுச்சு. நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கடை, ஹோட்டல் முக்கால்வாசி மூடியிருக்கும், சாப்பாடு கையில இருந்தா அமைதி வேணுங்கறவங்களுக்கு அது நல்ல நேரம், ஆனா நிழல்ல இருக்கற பாதை பாசி பிடிச்சு வழுக்கும்.

கார் இல்லாம போக முடியுமா?

முடியும், நேரத்தை மட்டும் சரியா பாத்துக்கணும். காவோர் வரைக்கும் ட்ரெயின் இருக்கு, பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ்ல இருந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல, துலூஸ்ல இருந்து ஒண்ணேகால் மணி நேரம் பக்கம். காவோர் ஸ்டேஷன்ல இருந்து ஃபிஜாக் போற பஸ்ல ஏறி தூர்-த-ஃபோர்ல இறங்கணும், அது ஆத்துக்கு அந்தப் பக்கம், சென்-சிர்க்கு எதிர்ல. பாலத்தைத் தாண்டி ஏறினா ஊர், ரெண்டு மூணு கிலோமீட்டர் ஏத்தம். பஸ்ஸுல வர்றவங்களுக்குச் சென்-சிர்லயே ஆரம்பிச்சு அங்கயே முடிக்கறதுதான் சரி. பஸ் நாளுக்குச் சில தடவைதான், ஞாயிறு, லீவு நாள்ல இன்னும் கம்மி, அதனால திரும்பற பஸ் டைமை முதல்ல பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி ப்ளான் பண்ணுங்க. ட்ரெயினுக்கு நடுவுல நேரம் கிடைச்சா காவோர்ல வலாந்த்ரே பாலத்தைப் பாத்துடுங்க, 1308-ல ஆரம்பிச்ச மூணு கோபுரப் பாலம், ஸ்டேஷன்ல இருந்து நடந்தே போயிடலாம்.

சென்-சிர்ல பார்க்கிங் எப்படி?

எல்லாமே காசுதான், ஊருக்குள்ள வண்டி விட மாட்டாங்க. ஆகஸ்ட்ல பத்தரைக்கு மேல இடம் கிடைக்கறது கஷ்டம். பூஸியேஸ்ல ஆரம்பிங்கன்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வழி தப்பிடுமா?

கவனமா இருந்தா தப்பாது. ஆத்தோரப் பாதை ஜி-ஆர் 36-ங்கற நெடுந்தூரப் பாதையோட ஒரு பகுதி, மரத்துலயும் பாறைலயும் வெள்ளையும் சிவப்பும் சேத்து ரெண்டு கோடு போட்டிருக்கும். உள்ளூர்ச் சுத்துப்பாதைக்கு மஞ்சள் கோடு. பெருக்கல் குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு அர்த்தம், கோடு வளைஞ்சு காட்டினா திரும்பணும். ஆத்தோரமா தப்பறதுக்கு வழியே இல்ல, ஒரு பக்கம் மலை இன்னொரு பக்கம் தண்ணி. மேட்டு நிலத்துலதான் நிறைய வண்டிப்பாதை குறுக்க மறுக்க ஓடும், பேசிட்டே நடந்தா குறியைத் தவற விட்டுடுவோம். அஞ்சு பத்து நிமிஷம் எந்தக் குறியும் கண்ணுல படலைன்னா நிக்காம போயிட்டே இருக்காதீங்க, கடைசியாப் பாத்த குறி வரைக்கும் திரும்பி வாங்க. ஐ-ஜி-என்ங்கற பிரெஞ்சு அரசு நிறுவனத்தோட மேப்பை முதல் நாளே ஃபோன்ல டவுன்லோட் பண்ணிடுங்க, பள்ளத்தாக்குல சிக்னல் வரும் போகும்.

ரெண்டு ஊருக்கும் நடுவுல மலையோரமா ஒரு கார் ரோடு இருக்கு, குறுக்கு வழின்னு நினைச்சு அதுல நடக்காதீங்க. நடைபாதை கிடையாது, வளைவுல வண்டி வர்றது தெரியாது. அந்த ரோட்டுல பாங்கூரெல்னு ஒரு இடத்துல இருந்து ஊர் முழுசாத் தெரியும், அந்தப் ஃபோட்டோ வேணும்னா கார்ல திரும்பும்போது நிறுத்தி எடுத்துக்கோங்க.

என்ன ஷூ, வேற என்ன எடுத்துக்கணும்?

அடிப்பாகம் பிடிமானமா இருக்கற எந்த ஷூவும் போதும், செருப்பு வேண்டவே வேண்டாம். மேல இருந்து இறங்கும்போது உருளற சின்னச் சின்னக் கல்லுதான் காலை வாரும், முட்டி வலி இருக்கறவங்க ஒரு குச்சி வெச்சுக்கோங்க. தொப்பி, மெல்லிசா ஒரு மழைக்கோட்டு. முழு நீள பேன்ட் போட்டா நல்லது, புல்லுக்குள்ள உண்ணி இருக்கும், சாயங்காலம் குளிக்கும்போது கால், இடுப்பு, அக்குள் எல்லாம் பாத்துடுங்க.

வேட்டை சீசன்னு பயமுறுத்தறாங்களே?

செப்டம்பர்ல இருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் காட்டுப்பன்னி வேட்டை உண்டு. "ஷாஸ் ஆன் கூர்"னு போர்டு வெச்சிருந்தா வேட்டை நடக்குதுன்னு அர்த்தம். ஆரஞ்சு, மஞ்சள்னு பளிச்னு தெரியற சட்டை போட்டுக்கோங்க, பாதையை விட்டு உள்ள போகாதீங்க, சத்தமா பேசிட்டே நடங்க. நான் நிறைய தடவை வேட்டைக்காரங்களைத் தாண்டி போயிருக்கேன், "போன்ஜூர்" சொன்னா எந்தப் பக்கம் போகலாம்னு அவங்களே சொல்வாங்க. ஏதாவது அவசரம்னா 112.

நாங்க சைவம், சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

உண்மையைச் சொன்னா இது வாத்துக்கறி ஊர், மெனு பூரா வாத்துதான். நம்பிப் போகலாம்னா சூடான ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலட், ரொக்கமதூர்னு வட்டமா சின்னதா இருக்கற சீஸ் இந்தப் பக்கத்து ஸ்பெஷல், டோஸ்ட் மேல உருகி வரும், வால்நட்டும் தேனும் போட்டா அருமை. ஆனா கேக்காமயே பன்றித் துண்டு தூவிடுவாங்க, அதனால "சான் லார்தோன், சான் வியோந்த்"னு, அதாவது பன்றித் துண்டு வேண்டாம், கறி வேண்டாம்னு, ஆர்டர் பண்ணும்போதே சொல்லிடுங்க. "கெர்ஸி சாலட்"னு (கெர்ஸிங்கறது இந்தப் பகுதியோட பழைய பேர்) போட்டிருந்தா அதுல வாத்து இரைப்பை இருக்கும், வேண்டாம். மத்தியானச் சாப்பாடு பன்னெண்டுல இருந்து ரெண்டு மணிக்குள்ள, ரெண்டேகாலுக்குப் போய் நின்னா அடுப்பு அணைஞ்சிருக்கும்.

நாங்க பெரும்பாலும் புளியோதரை கட்டிட்டுப் போயிடுவோம், வெயிலுக்கு அதுதான் கெடாது. காவோர் கதீட்ரல் முன்னாடி புதன், சனி காலைல சந்தை இருக்கும், அங்க ரொட்டி, சீஸ், வால்நட் கேக் வாங்கிக்கலாம். குப்பையைத் திரும்பக் கொண்டு வந்துடுங்க, ஆரஞ்சுத் தோல் உட்பட.

ஊருக்குள்ள எவ்ளோ நேரம், எதெல்லாம் பாக்கணும்?

ரெண்டு மணி நேரம். முதல்ல லபோப்பி பாறை உச்சிக்கு ஏறிடுங்க, கோட்டைல மிச்சம் கொஞ்சம் சுவர்தான், 1580-ல நவார் ஆன்ரி, பின்னாடி நாலாம் ஆன்ரின்னு பிரான்ஸுக்கே ராஜாவானவர், நின்னுட்டிருந்ததையும் இடிக்கச் சொல்லிட்டார். ஆனா அங்க இருந்து ஆறு அரை வட்டமா வளையறது, அந்தப் பக்கம் வயல், கீழ கோயில் முதுகு, கூரை ஒண்ணு மேல ஒண்ணா இறங்கறது எல்லாம் ஒரே பார்வைல தெரியும், கண்ணு கொள்ளாது.

அப்புறம் தெருப் பேரைப் பாத்துட்டே இறங்குங்க. பெலிஸாரியான்னா தோல் வேலைக்காரங்க தெரு, பெய்ரோலரின்னா செம்புப் பாத்திரக்காரங்க தெரு. கீழ கடைக்கு வளைவு வெச்ச வாசல், மேல மரச்சட்டம் வெச்ச வீடு, கூரை ரொம்பச் சரிவா, மேல பழுப்பு ஓடு. இங்க ரொம்பப் பேர் எடுத்தது மரக் கடைசல். அந்த பாக்ஸ்வுட்ல ஒயின் பீப்பாய்க்குக் குழாய் கடைஞ்சாங்க. அந்த மரம் மெதுவா வளரும், ரொம்ப இறுக்கமா இருக்கும், ஒயின் ஊறினாலும் சுலபமா விரிசல் விடாது. மேட்டு நிலத்துல நீங்க உரசிட்டு வந்த புதர், கீழ ஆத்துல பீப்பாயோட போன ஒயின், நடுவுல இந்தப் பட்டறைத் தெரு. ரயில் வந்து படகு நின்னு போனதும் இந்தத் தொழிலும் கொஞ்சம் கொஞ்சமா மங்கிடுச்சு, ஊரும் காலியாக ஆரம்பிச்சுது. ஒரு வகைல அந்த வறுமைதான் ஊரை இடிச்சுக் கட்டாம காப்பாத்துச்சு.

அதுக்கப்புறம் கலைஞருங்க வந்தாங்க. சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே ப்ரெத்தோன் 1950-ல முதல் தடவை வந்து பாத்து மயங்கி, படகோட்டிகளோட பழைய சத்திரத்தை வாங்கி, 1966-ல சாகற வரைக்கும் கோடையெல்லாம் இங்கதான் இருந்தார். கோயில் 16-ஆம் நூற்றாண்டு, கோட்டை மாதிரியே கட்டினது, உள்ள அஞ்சு நிமிஷம் உக்காந்தா கால் ஆறும்.

வயசான அப்பா அம்மா, சின்னக் குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

எட்டு வயசுக்கு மேல இருக்கற பசங்க முழு ரவுண்டு நடந்துடுவாங்க, ஆத்தோரப் பாதைல கையைப் பிடிச்சுக்கோங்க, எல்லா இடத்துலயும் தடுப்பு இருக்காது. ஸ்ட்ரோலர் ஊருக்குள்ளயே கஷ்டம், பாதைல வாய்ப்பே இல்ல, கைக்குழந்தைன்னா முதுகுல மாட்டற பை. பெரியவங்களுக்கு நான் பண்றது என்னன்னா, பூஸியேஸ்ல இருந்து பாறை வெட்டின இடம் வரைக்கும் சமதளமாத்தான் இருக்கும், அதுவரைக்கும் மெதுவாப் போய்த் திரும்பி வரலாம், ஏத்தமே இல்ல. சீசன்ல பூஸியேஸ்ல இருந்து படகுச் சவாரியும் உண்டு. என் அம்மாவுக்கு முட்டி வலி, அவங்க பாத்தது இந்தக் கீழ்ப்பாதையும் படகும் மட்டும்தான், மேல ஊருக்கு அப்புறமா கார்ல போனோம். முழு ரவுண்டும் நடந்தே ஆகணும்னு யாரையும் இழுத்துட்டுப் போகாதீங்க.

பெஷ் மெர்ல் குகையையும் அதே நாள்ல பாத்துடலாமா?

வேண்டாம், அடுத்த நாள் வெச்சுக்கோங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் செலேங்கற கிளையாத்தோட பள்ளத்தாக்குல கப்ரெரேங்கற ஊருக்கு மேல இருக்கு. 1922-ல உள்ளூர்ப் பசங்க கண்டுபிடிச்சது, புள்ளி வெச்ச ரெண்டு குதிரை ஓவியம் 29,000 வருஷம் பழசு. இது நகல் இல்ல, அசல் குகை, அதனால நாளுக்கு 700 பேரைத்தான் உள்ள விடுவாங்க, முன்கூட்டியே புக் பண்ணணும், குளிர்காலத்துல மூடிடுவாங்க. உள்ள எதையும் தொடக்கூடாது, 1952-ல ப்ரெத்தோனே பெயின்ட் நிஜமான்னு விரலால தேய்ச்சுப் பாத்து கோர்ட்டுக்குப் போய் அபராதம் கட்டினார்.

அப்போ ராத்திரி தங்கறது நல்லதா?

முடிஞ்சா கண்டிப்பா தங்குங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல டூரிஸ்ட் எல்லாம் கிளம்பிட்டா ஊர் அடங்கிடும், கல்லுல உங்க ஷூ சத்தம்தான் கேக்கும். இந்த கெர்ஸி மேட்டு நிலம் பிரான்ஸ்லயே ரொம்ப இருட்டான வானம் இருக்கற பகுதிகள்ல ஒண்ணு, நிலா இல்லாத ராத்திரில பால்வெளி வெறும் கண்ணுக்குத் தெரியும், டார்ச் மட்டும் எடுத்துக்கோங்க, தெருப்படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம். ஊருக்குள்ள ரூம் கம்மி, விலையும் ஜாஸ்தி, மே மாசத்துக்கு ஜனவரிலயே பாத்துடுங்க. கிடைக்கலைன்னா தூர்-த-ஃபோர் பாலத்துக்கிட்ட ஆத்தோரமா கேம்பிங் இருக்கு. அங்க தங்கினா காலைல டென்ட்டைத் திறந்ததும் நேர் எதிர்ல மேல ஊர் தெரியும், பனி விலகும்போது முதல்ல கோயில் கோபுரம், அப்புறம் ஒவ்வொரு கூரையா.